காப்புரிமைக்கு நான் எழுதாமல் விட்ட நான்கு பக்கங்கள்

2024 பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, நங்கநல்லூர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. காப்புரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி என் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மொத்தம் ஏழு பக்கம். மூன்று வருடம் எட்டு மாதம் காத்திருந்தது இந்த ஏழு பக்கத்துக்குத்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். மனைவி மேலே வந்து "என்னங்க ஆச்சு?" என்று கேட்டபோது வாயைத் திறந்தால் குரல் உடைந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். செலவான பணம் 1,81,760 ரூபாய். அது போனது வலித்தது. ஆனால் பணத்தைவிட வலித்தது வேறொன்று. என் வேலையில் உண்மையிலேயே புதிதாக இருந்த விஷயம் அந்த விண்ணப்பத்தில் இல்லவே இல்லை. நான் எழுதவில்லை, எழுத வேண்டும் என்று சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை. கணினி நினைவகத்தில் தகவலை அடுக்கி வைக்கும் முறைக்கு, அதாவது ஒரு டேட்டா ஸ்ட்ரக்சருக்கு, பேட்டன்ட் வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

2019 கோடை சென்னைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஊர் முழுக்கத் தண்ணீர் லாரியை நம்பி இருந்தது. ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் 12,000 லிட்டர் லாரிக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். வந்தது முழு லோடுதானா, நேற்று வந்த லாரிக்கு இன்றும் பில் போட்டார்களா என்று தினமும் தகராறு. நான் அப்போது அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் எம்பெடட் வேலை, அதாவது சின்னச் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் நிரல் எழுதும் வேலை, பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்டுவிட்டு, லாரி தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மாட்டுவதற்கு ஒரு கருவி செய்யலாம் என்று இறங்கினேன். ஓட்டுநர் கார்டைக் காட்டினால் வால்வு திறக்கும், ஃப்ளோ மீட்டர் லிட்டரை எண்ணும், கணக்கு செல்போன் சிம் வழியாகச் சர்வருக்குப் போகும். விலை குறைவாக இருக்கவேண்டும் என்பதால் ரிச்சி தெருவில் கிடைக்கும் 'ப்ளூ பில்' போர்டில்தான் செய்தேன். அதில் இருக்கும் எஸ்.டி.எம்.32 சிப்பின் நினைவகம் மொத்தமே 20 கேபி. செல்போனில் நாம் எடுக்கும் ஒரு சாதாரணப் படம்கூட அதற்குள் அடங்காது.

அந்த 20 கேபியில் நெட்வொர்க்குக்கும் மற்றவற்றுக்கும் போக, லாரிப் பதிவுகளுக்கு 8 கேபி, அதாவது 8,192 பைட், ஒதுக்க முடிந்தது. ஒரு பதிவுக்கு 12 பைட்: கார்டு எண் 4, காலாவதி நேரம் 4, லிட்டர் 2, குறிப்புகள் 2. ஒரு பதிவு குறிப்பிட்ட நேரம் மட்டும் இருந்தால் போதும், அதற்கப்புறம் அது செல்லாது, இடத்தை அடுத்த பதிவு எடுத்துக்கொள்ளலாம். வழக்கமாக எழுதும் ஹாஷ் டேபிளில், அதாவது கார்டு எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பதிவு இருக்கும் இடத்தை நேராகக் கண்டுபிடிக்கும் அட்டவணையில், ஒரே இடத்துக்கு வரும் பதிவுகளைச் சங்கிலியாகக் கோப்பார்கள். அப்படிச் செய்தால் அடுத்த பதிவு எங்கே என்று காட்டும் சுட்டிக்கு 4 பைட், ஒவ்வொரு முறை இடம் கேட்கும்போதும் அதன் கணக்குக்கு இன்னொரு 8 பைட், ஆக ஒரு பதிவு 24 பைட்டைத் தின்றுவிடும். 341 பதிவுகளோடு இடம் தீர்ந்துபோகும். நான் 64 பைட் கொண்ட 128 பெட்டிகளாகப் பிரித்தேன். பெட்டியின் தலையில் 4 பைட், அதன் கீழே ஐந்து பதிவுகள். சங்கிலியே இல்லை. தேடிக்கொண்டு போகும் வழியில் காலாவதியான பதிவு தென்பட்டால் அதன் மேலேயே புதியதை எழுதிவிடுவது. இப்போது 640 பதிவுகள் அடங்கின. அந்த ராத்திரி எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றும் உணர முடிகிறது. இதுதான் என் கண்டுபிடிப்பு என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அங்கேதான் முதல் தவறு.

2020 ஜனவரியில் மேடவாக்கம் பக்கம் ஒரு போர்வெல் யார்டில் கருவியை வெள்ளோட்டமாக மாட்டினோம். பத்தாவது நாள் அங்கே மோட்டார் பார்க்கும் பெரியவர் போன் பண்ணினார். "தம்பி, மோட்டார் போட்டதும் உங்க பொட்டி செத்துச் செத்துப் பொழைக்குது. கணக்கும் மாறிப்போவுது, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, என் ப்ராசசர் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. சரிவு ஒரு நொடிகூட இருக்காது. அந்த நேரத்துக்குள் நினைவகத்தில் இருப்பது அநேகமாக அழிவதில்லை, ஆனால் எழுதிக்கொண்டிருந்த பதிவு பாதியில் நின்றுவிடும். விளைவு, ஒரு லாரியின் கார்டு எண்ணோடு இன்னொரு லாரியின் லிட்டர். தண்ணீரே பிடிக்காத லாரிக்கு 12,000 லிட்டர் கணக்கு ஏறியிருந்தது. அந்த லாரியின் உரிமையாளர் என் முகத்துக்கு நேராக "இதுக்கு நோட்டுல எழுதறதே தேவலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவமானமாக இருந்தது.

அடுத்த ஆறு வாரம் அந்த ஒரு பிரச்சினையோடுதான் படுத்தேன், எழுந்தேன். முதலில் ஒவ்வொரு பதிவையும், கரன்ட் போனாலும் அழியாத ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதிப் பார்த்தேன். அந்தச் சிப்பின் ஃப்ளாஷுக்கு உத்தரவாதம் 10,000 முறை அழித்து எழுதுவது வரைதான், அதுவும் ஒரு கேபி பக்கத்தை மொத்தமாக அழித்தால்தான் மறுபடி எழுத முடியும். அந்த யார்டின் வேகத்துக்கு அது தாங்காது. அடுத்து, பதிவு சிதையாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்ணாகப் பதிவுக்கு 2 பைட் செக்சம் வைத்தேன். 640 பதிவுகளுக்கு 1,280 பைட் கூடுதல், 64 பைட் பெட்டிக்குள் ஐந்தும் அடங்காமல் போயிற்று. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. கொள்ளளவு 320 ஆகப் பாதியானது. நான்காவதாக, மின்னழுத்தம் சரியும் நேரத்தைத் தாங்க ஒரு பெரிய கெப்பாசிட்டர். விலையும் ஏறியது, யார்டு வெயிலில் அதை எவ்வளவு நாள் நம்பலாம் என்ற கவலையும் சேர்ந்தது. இவற்றையெல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன், ஒன்று விழுந்தால் ஏன் விழுந்தது என்பதோடு. நான்கு பக்கம் வந்தது.

கடைசியில் கிடைத்த விடைக்கு ஒரு பைட்கூடக் கூடுதலாகத் தேவைப்படவில்லை. பதிவை எழுதும் வரிசையை மட்டும் மாற்றினேன். காலாவதியான பதிவின் மேல்தானே புதியதை எழுதுகிறோம்? முதலில் கார்டு எண், பிறகு லிட்டர், குறிப்பு, கடைசியாகத்தான் நேரம். நடுவில் கரன்ட் சரிந்தால் அந்த இடத்தில் இன்னும் பழைய நேரம்தான் இருக்கும். பழைய நேரம் என்றால் காலாவதி. ஆக, பாதி எழுதிய பதிவு தானாகவே செல்லாத பதிவாகிவிடுகிறது. நான்கு பைட் நேரத்தை அந்த ப்ராசசர் ஒரே வீச்சில் எழுதும், அதில் பாதி என்ற நிலையே கிடையாது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ரீசெட்டுக்குப் பின் அந்த 8 கேபியைச் சுழியாக்காமல் விடவேண்டும், கடிகாரத்துக்கு ஒரு பட்டன் செல் வேண்டும். அவ்வளவுதான். இடத்தைக் காலி செய்ய வைத்த காலாவதி நேரமே பதிவைக் காக்கும் வேலையையும் செய்தது. மாற்றிய நிரலைப் போட்ட அன்று அந்தப் பெரியவரே வேண்டுமென்று மோட்டாரை இருபது தடவை போட்டுப் போட்டு நிறுத்தினார். ஒரு கணக்கும் மாறவில்லை. எனக்கு அது ஒரு பிழைத்திருத்தமாகத்தான் தெரிந்தது. வேலை முடிந்தது என்று நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஊரடங்கு நேரம். வியாபாரம் நின்றுவிட்டது. காப்புரிமையாவது கையில் இருந்தால் முதலீடு கேட்கலாம் என்று ஓர் ஆலோசனை நிறுவனத்தை அணுகினேன். போனில் பேசியவர் மரியாதையாகப் பேசினார். "சார், ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். ஒரே ராத்திரியில் இரண்டு பக்கம் எழுதினேன். 64 பைட் பெட்டி, காலாவதியானதன் மேல் எழுதுவது, 640 பதிவுகள், இவ்வளவுதான் அதில் இருந்தது. மோட்டார் கதை இல்லை, எழுதும் வரிசை இல்லை. 2020 ஜூனில் தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பைச் சுருக்கமாக விளக்கி முதலில் தரும் ஆவணம், தாக்கலானது. அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்கவேண்டும். அந்த ஒரு வருடமும் நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2021 ஜூனில் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது வரைவு வந்தது. என் இரண்டு பக்கத்தையே சட்டமொழியில் முப்பது பக்கத்துக்கு நீட்டியிருந்தார்கள். பார்க்கப் பிரமாதமாக இருந்தது, சரி என்று சொல்லிவிட்டேன். தற்காலிகத் தாக்கலுக்கும் முழுத் தாக்கலுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு மாதம் வெறும் காத்திருப்பு இல்லை. அதில் ஒரு வாரமாவது உட்கார்ந்து, உங்கள் நோட்டு, பழைய நிரல், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் புரட்டி, எங்கே எது உங்களை மாட்டவைத்தது, எதனால் வெளியே வந்தீர்கள் என்று எழுதுங்கள். வரைவு எழுதும் ஏஜென்டுக்கு நீங்கள் சொல்லாதது தெரியாது. தன் வேலை தெரிந்த ஏஜென்ட் அதைக் கேட்டு வாங்கிவிடுவார். ஆனால் கேட்காதவர்களும் உண்டு.

தேடலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாக்கலுக்கு முன்னால் நானும் தேடினேன். 'தண்ணீர் லாரி', 'ஃப்ளோ மீட்டர்', 'கார்டு' என்று தேடினேன், எதுவும் வரவில்லை, புதுசு என்று நம்பினேன். உங்கள் பொருள் எங்கே பயன்படுகிறது என்பதை வைத்துத் தேடாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை வைத்துத் தேடுங்கள். ஹாஷ், காலாவதி, நீக்கம் என்று தேடியிருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். கூகுள் பேட்டன்ட்ஸ் இலவசம், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் இலவசம், நம் அலுவலகத்தின் இன்பாஸ் தளமும் இலவசம். சொற்களைவிட, காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுவது இன்னும் நல்லது. தரவுக் கட்டமைப்புகளுக்கு ஜி06எஃப் 16/901 என்ற பிரிவும் அதன் கிளைகளும் இருக்கின்றன, ஹாஷ் டேபிளுக்கு என்றே ஒரு கிளை உண்டு. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும். சென்னையில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

முழு விவரக்குறிப்போடு பரிசோதனைக்கான படிவம் 18-ம், சீக்கிரம் வெளியிடச் சொல்லும் படிவம் 9-ம் சேர்த்துப் போட்டார்கள். படிவம் 9 எதற்கு என்று நான் கேட்கவில்லை. "சீக்கிரம் வெளியானா வேகமா நகரும் சார்" என்றார்கள். சாதாரணமாக 18 மாதம் ரகசியமாக இருக்கவேண்டிய விண்ணப்பம் ஓரிரு மாதத்திலேயே வெளியானது. இதன் விலை என்ன என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் விண்ணப்பம் வெளியான கணத்திலிருந்து, நீங்களே அடுத்துப் போடும் விண்ணப்பத்துக்கு அது 'ஏற்கெனவே தெரிந்த அறிவு'. விட்டுப்போனதைச் சேர்த்துப் புதிதாகத் தாக்கல் செய்யலாம் என்றால் என் பழைய விண்ணப்பமே எனக்கு எதிராக வந்து நிற்கும். நகலெடுப்பவர் யாரும் கண்ணில் படாதவரை, அவசரம் எதுவும் இல்லாதவரை, படிவம் 9-ஐத் தொடாதீர்கள்.

2022 ஏப்ரலில் முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. இதை எல்லோரும் எஃப்.இ.ஆர். என்பார்கள். பதில் சொல்ல ஆறு மாதம். கெடு முடிவதற்குள் படிவம் 4 போட்டால் இன்னும் மூன்று மாதம் கேட்கலாம். அறிக்கையில் இரண்டு ஆவணங்களை வைத்திருந்தார்கள். முதலாவது, 1999-இல் வழங்கப்பட்ட 5893120 என்ற அமெரிக்கக் காப்புரிமை. ஹாஷ் டேபிளின் சங்கிலியில் தேடிக்கொண்டு போகும்போதே காலாவதியான பதிவுகளை நீக்குவதுதான் அதன் சாரம். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது, என் வாக்கியத்தை யாரோ இருபது வருடம் முன்பே எழுதி வைத்ததுபோல. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, அது சாதாரணக் காப்புரிமையும் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருந்த ஒரு பகுதியை வைத்து, 2011-இல் டெக்சாஸ் ஜூரி ஒன்று கூகுள் அதை மீறியதாகச் சொல்லி 50 லட்சம் டாலர் இழப்பீடு நிர்ணயித்திருந்தது. துறையில் இருக்கும் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது ஆவணம் ஒரு பாடநூல் பகுதி, பதிவுகளை நிலையான அளவுப் பெட்டிகளில் வைப்பது பற்றி. பெட்டி முறை 1973-இல் கணினி அறிஞர் டொனால்ட் குனுத் எழுதியதிலேயே இருக்கிறது. பரிசோதகர் கேட்டது ஒரே கேள்வி: சங்கிலியில் காலாவதி நீக்கம் தெரியும், பெட்டி முறையும் தெரியும், நினைவகம் போதாத ஒருவர் இரண்டையும் சேர்க்கமாட்டாரா? சேர்ப்பது அந்தத் துறை தெரிந்தவருக்குத் தானாகத் தோன்றுவதுதானே? கூடவே, வெறும் கணினி நிரலுக்கும் அல்காரிதம் எனும் கணக்கு வழிமுறைக்கும் காப்புரிமை இல்லை என்று சொல்லும் 3(கே) பிரிவில் இதுவும் அடங்கும் என்ற ஆட்சேபணையும் இருந்தது.

நாங்கள் கொடுத்த பதில் பன்னிரண்டு பக்கம். அதில் ஒன்பது பக்கம் 3(கே)-க்கு. நானும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்து உதவினேன். 1994-இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் லௌரி என்பவரின் வழக்கில், நினைவகத்தில் இருக்கும் தரவுக் கட்டமைப்பைத் தாளில் அச்சடித்த எழுத்துபோல ஒதுக்கிவிடக் கூடாது, அது நினைவகத்துக்கு ஓர் உண்மையான ஒழுங்கைக் கொடுக்கிறது என்று சொன்னதைக் கண்டுபிடித்தபோது துள்ளிக் குதித்தேன். 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில், நிரல் என்பதற்காகவே மறுக்கக் கூடாது, தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னதையும் வைத்தோம். 2006-இல் அமெரிக்காவில் ஒரு லிங்க்டு லிஸ்டுக்கே, அதாவது ஒன்றோடொன்று கோத்த பட்டியலுக்கே, காப்புரிமை கிடைத்திருக்கிறது, எனக்கு ஏன் கிடைக்காது என்றும் மனதில் ஓடியது. எல்லாம் சரியான தகவல்கள்தான். ஆனால் தவறான கேள்விக்கான பதில்கள். லௌரி தீர்ப்பு சொல்வது, தரவுக் கட்டமைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார் என்பதை. எடுத்துக்கொண்ட பிறகு அது சட்டென்று தோன்றக்கூடியதா இல்லையா என்பது வேறு விசாரணை. இங்கே இரண்டு வாசல் இருக்கின்றன. ஒன்று, இது காப்புரிமை கேட்கத் தகுந்த வகைதானா என்பது. இன்னொன்று, துறை தெரிந்தவருக்கு இது தானாகத் தோன்றியிருக்குமா என்பது. முதல் வாசலில் ஒன்பது பக்கம் சண்டை போட்டுவிட்டு, இரண்டாவது வாசலில் இரண்டே பத்தி எழுதினோம். அந்த இரண்டு பத்தியிலும் 'நினைவகம் மிச்சமாகிறது, வேகம் கூடுகிறது' என்பதுதான் இருந்தது. சங்கிலியை எடுத்துவிட்டுப் பெட்டி வைத்தால் நினைவகம் மிச்சமாகும் என்பது இரண்டாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். எதிர்பார்த்த பலன் கிடைத்தது என்று சொல்வது நமக்கே எதிரான சாட்சி.

இந்த இரண்டாவது வாசலை எனக்குப் புரியவைத்தது, மிர்சாபூரில் பாத்திரம் கடையும் லேத் பற்றிய ஒரு வழக்கு. 1978 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பட்டறையில் வேலை செய்பவர் தானாகவே செய்துகொள்ளும் மேம்பாட்டைத் தாண்டி ஏதாவது இருந்தால்தான் கண்டுபிடிப்பு என்று சொல்லி அந்தக் காப்புரிமையை ஏற்கவில்லை. படித்தபோது என் பெட்டிகளைத்தான் நினைத்தேன். 64 பைட் பெட்டி என்பது பட்டறை மேம்பாடு. நல்ல தொழிலாளி செய்திருப்பான். 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கார் ஆக்சிலரேட்டர் பெடல் பற்றிய கே.எஸ்.ஆர். வழக்கில் இதையே இன்னொரு பக்கமிருந்து சொன்னது: அந்தத் துறை தெரிந்தவர் இயந்திரம் இல்லை, அவருக்கும் சாதாரண அளவு கற்பனை உண்டு. ஆகவே தெரிந்த இரண்டைச் சேர்த்தேன் என்று மட்டும் சொன்னால் போதாது. சேர்க்க விடாமல் எது தடுத்தது, துறையில் எல்லோரும் எந்தப் பக்கம் போயிருப்பார்கள், அந்தப் பக்கம் ஏன் பலிக்கவில்லை, நான் போன பக்கத்தில் எதிர்பாராமல் என்ன கிடைத்தது, இவைதான் பேசவேண்டியவை.

இது புரிந்த ராத்திரி அலமாரியிலிருந்து அந்த நீல நோட்டை எடுத்தேன். நான்கு பக்கத்தையும் படித்தேன். ஃப்ளாஷ், செக்சம், இரண்டு பிரதி, கெப்பாசிட்டர். துறை தெரிந்தவர் யாராக இருந்தாலும் முதலில் இந்த நான்கு வழியில்தான் போவார், நானே போனேன். அதற்கான தேதி என் கையெழுத்தில் இருந்தது. காலாவதி நேரத்தையே காவலாக்கும் யோசனை அந்த இரண்டு ஆவணங்களில் எதிலும் இல்லை, அவற்றைச் சேர்த்தாலும் வராது. காப்புரிமை கிடைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் பேசுவதற்கு என்னிடம் ஒரு வலுவான விஷயம் இருந்தது, நான் அதைத் தோல்விக் குறிப்பு என்று மூடி வைத்திருந்தேன். அன்று மேசையில் தலை வைத்து அழுதேன். காலையில் ஏஜென்டிடம் கேட்டபோது, 59-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது, விவரக்குறிப்பில் இல்லாத எதையும் திருத்தம் என்று சொல்லிச் சேர்க்க முடியாது என்றார். ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு பலனுக்கு ஆதாரமாகப் பிறகு எடுத்த அளவீட்டைக் காட்டலாம். எழுதியே இராத அம்சத்தை உள்ளே கொண்டுவர வழியில்லை.

சரி, எழுதும் வரிசைக்கு மட்டும் புது விண்ணப்பம் போடலாமா என்று கேட்டேன். அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. 2022 மார்ச்சில் ஒரு பொறியியல் கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மாணவர்களுக்குப் பிடிக்கும் என்று மோட்டார் கதையைச் சொல்லி, பதிவை எழுதும் வரிசையைப் பலகையில் படம் போட்டே விளக்கியிருந்தேன். அந்தப் பிள்ளைகள் அதை வீடியோ எடுத்து ஆசையாக யூட்யூபில் ஏற்றியிருந்தார்கள். அவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. கற்றோர் சங்கம் ஒன்றில் படித்த கட்டுரைக்கு 12 மாதச் சலுகை 31-ஆம் பிரிவில் உண்டு, ஆனால் கல்லூரித் துறை விழாவில் பேசியது அதில் அடங்குமா என்பது சந்தேகம், அதை நம்பிப் பணம் போடவேண்டாம் என்றார் ஏஜென்ட். ஆகவே, தாக்கல் செய்யாத எதையும் மேடையில் சொல்லாதீர்கள், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடாதீர்கள், கண்காட்சியில் திறந்து காட்டாதீர்கள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் நாள் ஒரு தற்காலிக விவரக்குறிப்பாவது தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கு 1,600 ரூபாய்தான் கட்டணம்.

விசாரணை 2023 நவம்பரில் வீடியோ வழியாக நடந்தது. இருபது நிமிடம்கூட இல்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார், 3(கே) பற்றி அதிகம் பேசவே இல்லை. "முதல் ஆவணத்தையும் இரண்டாவதையும் சேர்ப்பதில் என்ன தடை இருந்தது என்று விவரக்குறிப்பில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்கும் எழுதவில்லை. அதன் பிறகு 15 நாளில் எழுத்துப்பூர்வ வாதம் கொடுத்தோம், நிராகரிப்பு ஆணை வந்தது. முதல்முறை படித்தபோது கோபம், மூன்றாம் முறை படித்தபோது அவர்கள் கையில் இருந்த காகிதத்துக்கு அது நியாயமான முடிவு என்று பட்டது. மூன்று மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். 2021-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு இவையெல்லாம் அங்கேதான் போகின்றன. நான் போகவில்லை. எழுதாததை எந்த நீதிமன்றமும் படிக்க முடியாது.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். தற்காலிக விவரக்குறிப்புக்கு ஆலோசனைக் கட்டணம் 30,000, முழு விவரக்குறிப்புக்கு 65,000, எஃப்.இ.ஆர். பதிலுக்கு 28,000, விசாரணைக்கு 22,000. ஜி.எஸ்.டி. 26,100. அரசுக் கட்டணம் மொத்தமே 10,660 ரூபாய்தான்: தாக்கல் 1,600, பரிசோதனை 4,000, படிவம் 9-க்கு 2,500, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கோரிக்கைகளில் பத்துக்கு மேல் போன எட்டுக்குத் தலா 320 வீதம் 2,560. அந்த எட்டும் ஒன்றையே வேறு வேறு வார்த்தையில் சொன்னவை. நான் தாக்கல் செய்த காலத்தில், ஸ்டார்ட்அப் என்று அரசு அங்கீகாரம் பெற்றவர்களுக்கு எஸ்.ஐ.பி.பி. என்ற அரசுத் திட்டத்தில் ஏஜென்ட் கட்டணத்தை அரசே ஏற்றது, அவர்கள் அரசுக் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும். நான் தனிநபராகவே போட்டுவிட்டேன். பரிசோதனைக் கோரிக்கைக்கான கெடுவும் இப்போது குறைந்துவிட்டது. 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு 48 மாதம் இல்லை, 31 மாதம்தான். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

போன மாதம் என் அக்கா மகனின் நண்பன் ஒருவன் கிண்டியில் ஒரு டீக்கடையில் என்னைப் பார்த்தான். பேட்டரி வண்டிகளின் தகவல்களைப் பதிந்து வைக்கும் ஒரு லாகர் செய்திருக்கிறான், நினைவகத்தில் பதிவுகளை மடித்து வைக்கும் முறை ஒன்று. பன்னிரண்டு பக்க வரைவைத் தயாராகக் கொண்டுவந்திருந்தான். முழுதும் படித்தேன். எப்படி வேலை செய்கிறது என்று மிக அழகாக எழுதியிருந்தான். "தம்பி, இதுக்கு முன்னாடி என்னவெல்லாம் செஞ்சு பாத்து சரிவரலை?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குண்ணா, அதெல்லாம் ஃபெயிலாச்சே" என்றான். தாக்கலைத் தள்ளிவைக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து ஒரு பென் டிரைவில் பழைய நிரல்களும், கசங்கிய ஆறேழு தாள்களும் கொண்டுவந்தான். இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் உட்கார்ந்து அதைத்தான் முதல் அத்தியாயமாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.